சூடு ஆறட்டும்

வண்டியை நிறுத்திய வேகத்தில் குதித்து இறங்கி, "காத்து ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் எறக்கி விடுங்க" என்று சொல்லும் ஓட்டுநர்களைக் கண்டால் காத்தக்காவுக்கு ஆகவே ஆகாது. காலையிலிருந்து தார்ச்சாலையில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், காற்றளவைக் காட்டும் கேஜில் முள் ஏறித்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால், ஆறிய பிறகு டயர் சொத்தென்று உட்கார்ந்துவிடும். இது அவளுக்குத் தெரியும், அவசரக்காரர்களுக்குத் தெரியாது. "சூடு ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பாள். அதற்கு மேல் எவராவது நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசினால், கேஜைத் துணியில் சுற்றி மேசை இழுப்பில் வைத்துவிட்டு டீ போடப் போய்விடுவாள்.

புறவழிச்சாலை ஊருக்குள் திரும்பும் முனையில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது அந்தப் பஞ்சர் கடை. உள்ளே கம்ப்ரெஸர், ட்யூபை முக்கிப் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஒட்டுப் போடும் மேசை. பின்பக்கம் ஓர் அறையும் சமையல்கட்டும் சேர்ந்து அவர்களுடைய வீடு. சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதும் கணவர் வேலை. அவரை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு பாரம் ஏறினாலும் சத்தம் காட்டாத மனிதர், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பேச்சும் கணக்கும் காற்றும் அவள் இலாகா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளைக் காத்தக்கா என்றே அழைத்தார்கள். அவளும் அதைப் பட்டம் கொடுத்தது போல வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவு பேசுகிறவள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இரண்டாவது தடவை வாயைத் திறந்து கேட்க முடியாமல் ஒன்பது வருடம் கழித்தாள்.

அவளுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை உண்டாகியிருந்தது. ஏழாம் மாதத்தில் முகம் வீங்கியது. உடம்பு பூரித்திருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு நாள் தலை பிளப்பது போல வலித்து, கண்ணெல்லாம் பூச்சி பறந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். கண் விழித்தபோது மூன்றாம் நாள். வயிறு காலியாக இருந்தது. குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, அடக்கமும் முடிந்துவிட்டது. கணவரின் அக்காதான் நின்று எல்லாவற்றையும் முடித்தாள். கெட்டவள் அல்ல அவள். "மொகத்தப் பாத்துட்டா மறக்க முடியாதும்மா. பாக்காம இருந்ததே நல்லது" என்று தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். நாத்தனார் கணக்கு அப்படி. பார்த்திருந்தால் மறந்திருக்கலாமோ என்னவோ, பார்க்காத முகத்தை மறப்பதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

ஜாக்கி பார்த்திருந்தார். அவர் கையில்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, "எப்படிங்க இருந்தா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் எழுந்து போய்த் தொட்டியில் கை கழுவ ஆரம்பித்தார். வெகு நேரம் கழுவினார். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் கடைக்கு எதிரே பள்ளிக்கூட வண்டி நிற்கும்போதெல்லாம், மகள் இருந்தால் இந்நேரம் எந்த வயதோ அந்த வயதுப் பெண்களை மட்டும் தேடிப் பார்ப்பாள். ஒவ்வொரு முகமாக எடுத்து மாட்டிப் பார்ப்பாள். எதுவும் பொருந்தாது, வண்டியும் கிளம்பிவிடும்.

இனி இல்லை என்று இரண்டு பேருமே மனதைத் தேற்றிக்கொண்ட பிறகுதான் மறுபடியும் உண்டானது. ஜாக்கி சந்தோஷத்தைக் காட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல், அன்றைக்கு முழுதும் சும்மா கிடந்த ஸ்பேனர்களை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தார். அரசு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா பழைய கதையைக் கேட்டுவிட்டு, மறைக்காமல் சொன்னார். முன்னால் வந்தது திரும்பவும் வரலாம். தினமும் ராத்திரி ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. வாரா வாரம் வந்து ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும், குழந்தை வளர்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் காலையும் மாலையும் பிரஷர் பார்க்க வேண்டும்.

பிரஷர் மெஷினைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்தவள் ஒரு நர்ஸ். படபடவென்று பேசுவாள், காத்தக்காவுக்கே ஈடு கொடுப்பாள்.

"நல்லா கேட்டுக்குங்கக்கா. முதுகு சாய்ஞ்சு உக்காரணும். ரெண்டு காலும் தரையில இருக்கணும். கைய மேசை மேல வைங்க, நெஞ்சு மட்டத்துக்கு வரணும். அஞ்சு நிமிஷம் வாயே தொறக்கக் கூடாது."

"அஞ்சு நிமிஷமா?" என்றார் ஜாக்கி. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் அவர் இப்படி ஏதாவது சொல்லுவார். நர்ஸ் சிரித்தாள், காத்தக்கா முறைத்தாள்.

"நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு வந்தா எனக்கு போன் பண்ணுங்க. நூத்தி அறுபது வந்தா போனெல்லாம் வேணாம், நேரா வந்துடணும். தலைவலி, கண்ணுல மின்னறது, வலது பக்க விலாவுக்குக் கீழ வலி, மூஞ்சியோ கையோ திடீர்னு வீங்கறது, இதுல எது வந்தாலும் மெஷின் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க. கெளம்பி வந்துடுங்க. நடுவுல அசதியா இருந்தா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கங்க, குழந்தைக்கு ரத்தம் நல்லாப் போகும்."

மெஷின் கடை மேசையில் கேஜுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. வருகிற ஓட்டுநர்கள் எல்லாம் கையை நீட்டினார்கள். ஒரு தடியான லாரிக்காரருக்கு எண் எக்கச்சக்கமாக ஏறி நின்றது. அவர் பயந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஓடி வந்த சூடு. ஆறட்டும்" என்றாள் காத்தக்கா. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உண்மையிலேயே இறங்கியிருந்தது. கடையே அவளைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி அவள் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மாதங்கள் நல்லபடியாகத்தான் போயின. குழந்தை அசைய ஆரம்பித்ததும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். அதட்டல் குறைந்தது. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடும்போதுகூட ஒரு கை வயிற்றின் மேல்தான் இருக்கும். அவளுக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. பிள்ளை டாக்டராக வேண்டும், கலெக்டராக வேண்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பிறந்ததும் அதன் முகத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பார்க்க வேண்டுமென்றால் அது உள்ளேயே இருந்து இன்னும் கொஞ்சம் தேற வேண்டும். ஆஸ்பத்திரியில் எதையாவது கண்டுபிடித்து, தேறுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

ஏழாம் மாதம் முடிகிற சமயம் ஒரு சாயங்காலம் மெஷின் நூற்று நாற்பத்தாறுக்குத் தொண்ணூற்று நாலு என்று காட்டியது. போனை எடுத்தாள், வைத்தாள். பகலெல்லாம் வெயில், நின்ற வேலை. ஓடி வந்த டயர்தானே, ஆறட்டும் என்று நினைத்தாள். அறைக்குள் போய், நர்ஸ் சொன்ன மாதிரியே இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். எழுந்து உட்கார்ந்தால் மறுபடி சூடு ஏறும் என்று படுத்தபடியே மேலே இருந்த வலது கையில் மெஷின் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்று முப்பதுக்குள் வந்துவிட்டது. அதைத்தான் கணவரிடம் சொன்னாள், நர்ஸ் போன் செய்தபோதும் அதையே சொன்னாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனை டயருக்குப் பார்த்திருக்கிறாள், ஆறிய பிறகு வருவதுதானே உண்மையான கணக்கு.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். உட்கார்ந்து பார்த்தால் ஏறியிருக்கும், படுத்துப் பார்த்தால் இறங்கியிருக்கும். மோதிரம் விரலில் இறுகியது, சோப்புப் போட்டுக் கழற்றி வைத்தாள். "மொகம் கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கே" என்றார் ஜாக்கி. "தூக்கம்" என்றாள். அவர் இன்னொரு தடவை பார்த்தார். ஆனால் காற்றிலும் கணக்கிலும் அவள் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றால் சிரிப்பு வரவில்லை. பல்லிக்கு வயிற்றில் பிள்ளை இருந்தது.

அந்த வாரச் சோதனைக்குப் போனபோது நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள்.

"வாசல் சரிவுல ஏறி வந்தேன், அதான்" என்றாள் காத்தக்கா. "கொஞ்சம் ஆறட்டும்."

நர்ஸ் காத்திருந்தாள். மறுபடி பார்த்தாள். இறங்கவில்லை.

"வீட்டுல நூத்தி முப்பதுக்குள்ளதானே சொன்னீங்க? எப்படிப் பாக்கறீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க."

காத்தக்கா கட்டிலில் ஏறி, இடது பக்கம் ஒருக்களித்து, வலது கையை மேலே வைத்து, நல்ல மாணவியைப் போலக் காட்டினாள். நர்ஸ் அப்படியே ஒரு தடவை பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு. எழுப்பி உட்கார வைத்துப் பார்த்தாள். நூற்று ஐம்பத்து நாலு. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கை நெஞ்சுக்கு மேல இருந்தா மெஷின் கொறைச்சுத்தான்கா காட்டும். இத்தன நாளும் இப்படியா?"

"மொதல்ல பாத்தா சூட்டுல ஏறியிருக்கும். ஆறவிட்டுப் பாப்பேன்."

"டயர் மாதிரியா?"

காத்தக்கா தலையாட்டினாள்.

நர்ஸுக்குக் கோபம் வந்தது, போனது. "டயருக்கு வண்டி ஒரு எடத்துல நிக்கும்கா. உங்க வண்டி எங்க நிக்குது? அஞ்சு நிமிஷம் உக்காந்தும் ஏறியிருந்தா அதுதான் உங்க நம்பர். அந்தச் சூட்டுலயேதான் குழந்தையும் இருக்கு."

சிறுநீரில் தோய்த்த சோதனைத் தாள் மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போயிருந்தது. புரதம் இறங்குகிறது, பிரஷர் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்று அர்த்தம். டாக்டரம்மா அவளை வீட்டுக்கு விடவில்லை. காத்தக்காவால் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேச முடியவில்லை. தன் கையாலேயே தன் பிள்ளைக்குக் குழி பறித்தோமோ என்று ஒரே நினைப்பு. "நான்தாங்க" என்றாள் கணவரிடம். அவர் அவளுடைய செருப்பை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஜோடி சேர்த்து வைத்தார். "இப்ப வந்துட்டோம்ல" என்றார்.

வார்டில் அவளுக்கு ஜன்னலோரக் கட்டில். குழந்தையின் நுரையீரல் பலப்பட அடுத்தடுத்த நாட்களில் ஊசி போட்டார்கள். வேளா வேளைக்குப் பிரஷர், ரத்தம், சிறுநீரின் அளவு. வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் நேரம் மட்டும் அவளுக்குத் திருவிழா. டக்டக்டக்டக் என்று அது ஓடும். காகிதத்தில் கோடு போதுமான அளவு வந்ததும் நர்ஸ் பட்டையை அவிழ்க்க வருவாள். "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்பாள் காத்தக்கா. "வேற ஆள் காத்திருக்காங்கக்கா." "சரி, கொஞ்சமே கொஞ்சம்." நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய் ஏதோ தேடுவது போலப் பாவனை செய்து நேரம் கொடுப்பாள். காத்தக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அந்தச் சத்தத்துக்கு ஒரு முகம் இருக்கும், இத்தனை பக்கத்தில், ஒரு தோலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வாங்கக் கை நீட்டியவள் தட்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக மின்னியது. விலாவுக்குக் கீழே யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல இருந்தது. இந்தத் தடவை ஆறட்டும் என்று அவள் சொல்லவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டாள். வலிப்பு வராமல் இருக்க மருந்தை ஏற்றினார்கள், உடம்பெல்லாம் கொதித்தது. ரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார்.

"இனிமே காத்திருக்கக் கூடாதும்மா. இப்பவே எடுத்தாகணும். ரத்தம் உறையறதுக்கான அணுக்கள் ரொம்பக் கொறைஞ்சுபோச்சு, அதனால முதுகுல ஊசி போட முடியாது. முழுசா மயக்கம் குடுத்துத்தான் செய்யணும்."

அவளுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. ஆபரேஷனுக்கு அவள் பயப்படவில்லை, சாவுக்குக்கூட அந்த நேரம் அவ்வளவாகப் பயப்படவில்லை. மறுபடியும் தூங்கப் போகிறாள். மறுபடியும் அவள் தூங்கும்போது பிள்ளை வரும். எழுந்து பார்த்தால் வயிறு காலியாக இருக்கும்.

"மயக்கம் வேணாம் டாக்டர். வலி தாங்கிக்கறேன்."

"அது முடியாதும்மா."

தள்ளுவண்டி கதவைத் தாண்டும் முன்னால் ஜாக்கியின் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள். "என்ன ஆனாலும் சரி, நான் முழிக்கற வரைக்கும் எதையும் முடிக்கக் கூடாது. உங்கக்கா சொன்னாலும் கேக்கக் கூடாது. உயிரு இருந்தாலும் இல்லேன்னாலும் நான் பாக்கணும். சொல்லுங்க."

"பாக்கலாம்" என்றார் அவர். மறுபடி, "நீ பாப்பே" என்றார்.

அவள் கண் திறந்தபோது முதலில் தெரிந்தது உத்தரத்து விளக்கு. தொண்டை எரிந்தது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. காலி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டுவிட்டால் பதில் வந்துவிடும் என்று கேட்காமலே கிடந்தாள். பக்கத்தில் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"இருக்கு" என்றார் ஜாக்கி.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "என்ன?"

"உசுரோட இருக்கு. பொண்ணு. மாடியில வெச்சிருக்காங்க, கண்ணாடிப் பொட்டியில. ரொம்பச் சின்னது. மூச்சுக்கு மூக்குல குழாய் மாட்டியிருக்காங்க. இன்னும் சில நாள் போகணும், அப்பதான் எதையும் சொல்ல முடியும்னாங்க. ஆனா இருக்கு."

"என்னக் கூட்டிட்டுப் போங்க."

"மருந்து ஏறுது, பிரஷர் இன்னும் எறங்கல. நாளைக்குன்னு சொல்லியிருக்காங்க."

நாளைக்கு. ஒன்பது வருடம் பொறுத்தவளுக்கு அந்த ஒரு நாள் பொறுக்கவில்லை. மாடி எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் கையைக் காட்டினார். அந்தத் திசையைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. படம் எடுத்தீர்களா என்று கேட்டாள். அவர் போனை நீட்டினார். கண்ணாடியில் பட்ட விளக்கு வெளிச்சமும் அவருடைய சட்டைப் பொத்தானும்தான் விழுந்திருந்தன. அவள் அதையும் வெகு நேரம் பார்த்தாள்.

"யாரு மாதிரிங்க இருக்கு?"

அவர் எழுந்தார். கை கழுவும் தொட்டி அறையின் மூலையில் இருந்தது, அவள் அதைப் பார்த்தாள். போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பவும் உட்கார்ந்தார்.

"அவளோட அக்கா மாதிரி" என்றார்.

காத்தக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "ஒண்ணும் விடாம சொல்லுங்க."

ஜாக்கி ஸ்டூலைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டார். பேசிப் பழக்கமில்லாத மனிதர், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். நெற்றி அகலம். முடி கறுப்பு, காதோரம் வரை இறங்கியிருக்கிறது. இடது புருவம் கொஞ்சம் மேலே. கீழுதடு உள்ளே மடிந்து, கோபித்துக்கொண்டது போல இருக்கும். மோவாயில் காத்தக்காவின் அம்மாவுக்கு இருப்பது போலச் சின்னக் குழி. விரல்கள் நீளம், நகம்கூட இருந்தது. இருக்கிறது என்றார், இருந்தது என்றார், மறுபடி இருக்கிறது என்றார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள். எந்தப் பிள்ளையைச் சொல்கிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.